ஜன்னலோரத்தில் ஒரு கறுப்பு மீசை

குளித்து, தலை சீவி, திருநீறு பூசி, மடிப்புக் கலையாத வேட்டியோடு வந்து எங்கள் வீட்டுக்காரர் ஜன்னலோரத்து முக்காலியில் உட்கார்ந்தார். நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன். வைத்த வேகத்தில் இறக்கிவிட்டேன்.

மீசை கறுத்திருந்தது.

சும்மா கறுப்பில்லை. தோசைக்கல்லின் அடிப்பக்கம் மாதிரிக் கறுப்பு. நேற்று ராத்திரி சோறு போடும்போதுகூட வெள்ளை வெளேரென்று இருந்த மீசை அது.

"ஏனுங்க, மூஞ்சில என்னத்தைப் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"டை அடிச்சேன். போட்டோ எடுக்கறேன்னு சொன்னியல்ல?"

"யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

"என்ற மீசைக்கு டை அடிக்கறதுக்குப் பஞ்சாயத்துல மனு எழுதிக் குடுக்கணுமாக்கும்?"

எனக்கு வந்த கோபத்துக்குக் கேமராவைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். கேமராவின் விலை ஞாபகம் வந்ததால் கையில் இருந்த துணியை மட்டும் வீசினேன். அது அவர் மடியில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பதவிசாக மடித்து வைத்தார். இந்த மனுஷன் பதிலுக்குக் கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இந்தப் பத்திரிகையில் கல்யாண வீட்டுக் கதைகளையே வாராவாரம் எழுதுகிறாயே, உன் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி இல்லையே என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கேட்டதற்குத் தண்டனையாக இந்த வாரம் முழுக்க என் வீட்டுக்காரர் கதைதான்.

வெள்ளை மீசையைத் தேடி வந்த போன்

எங்கள் ஊர் முதலமடை. கேரளத்துக்குள் இருந்தாலும் பொள்ளாச்சிக் காற்றுத்தான் அடிக்கும், பொள்ளாச்சிப் பேச்சுத்தான் பேசுவோம். சுற்றிலும் மாந்தோப்பு. நான் கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவள். அவர் நாச்சிமுத்து. (பேரை எழுதிவிட்டேன். வீட்டில் சொல்ல மாட்டேன், பத்திரிகையில் எழுதலாம் என்று நானே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்.) மாங்காய் லாரி ஓட்டினார். இங்கே ஏற்றினால் இந்தூர், டெல்லி என்று போய்விட்டுத் தாடியோடு திரும்புவார்.

சில வருஷங்களுக்கு முன்னால், லோடுக்கு மேலே படுதாவை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து இடது கண்ணில் அடித்துவிட்டது. ஆசுபத்திரி, மருந்து எல்லாம் பார்த்தோம். கண்ணில் பூ விழுந்ததுதான் மிச்சம். லாரி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றையிலிருந்து அவர் வீட்டோடு இருக்கிறார். குடிப்பதில்லை, சண்டை போடுவதில்லை. ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் தை பிறந்து தோப்புகளில் லோடு ஏற்ற ஆரம்பித்தால் ஆள் வெளியே தலைகாட்ட மாட்டார். கூட ஓட்டிய டிரைவர்கள் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டார். யாராவது ஒறம்பரை, சொந்தபந்தம் என்று வந்தால் வலது பக்கத்தைக் காட்டிக்கொண்டு உட்காருவார், சீக்கிரம் எழுந்து உள்ளே போய்விடுவார். கேட்டால், "எனக்கென்ன, ராசா மாதிரி இருக்கறேன்" என்பார். ராசா ஒருத்தரும் இப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் திருப்பூர்ப் பக்கத்து வேட்டிக் கம்பெனி ஒன்றிலிருந்து போன் வந்தது. பேசிய பெண்ணின் பேர் ஷாலினி. ஒரு கல்யாணத்தில் பந்திப் பந்தலுக்கு அடியில், சாம்பார் வாளி பக்கத்தில் நின்ற எங்கள் வீட்டுக்காரரை நான் சும்மா ஒரு படம் எடுத்து என் இணையப் பக்கத்தில் போட்டிருந்தேன். பக்கவாட்டில் திரும்பி நிற்பார். பந்தல் துணி வழியாக வந்த வெளிச்சம் மீசை மேல் மட்டும் விழுந்திருக்கும்.

"அக்கா, அந்த வெள்ளை மீசைக்காரர் யாருங்க்கா?"

"எங்கூட்டுக்காரர்தான். ஏனம்மா, கடன் கிடன் வாங்கிப்போட்டாரா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டுச் சொன்னது இதுதான். சித்திரை, விஷு விளம்பரத்துக்கு ஒரு ஆள் தேடுகிறார்கள். வீட்டில், ஜன்னல் வெளிச்சத்தில், மேக்கப் இல்லாமல் எடுத்த படங்கள் வேண்டும். நானே எடுத்து அனுப்பலாம். பிடித்தால் அவர் முகம் பெரிய போர்டாக ரோட்டோரம் நிற்கும்.

அவரிடம் சொன்னேன். "போடி, பைத்தியக்காரி" என்றார். சாயங்காலம் பார்த்தால் கண்ணாடி முன்னால் நிற்கிறார். எனக்கு அது போதும் என்று தோன்றியது. போர்டு வருகிறதோ இல்லையோ, இந்த மனுஷன் சுவரை விட்டுத் திரும்ப வேண்டும். அதற்காக அந்த போர்டை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டேன்.

ஃபிளாஷ் விட்டுவிடும், ஜன்னல் விடாது

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேண்டாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், எனக்கு வருத்தமில்லை.

எங்கள் வீட்டில் தோப்புப் பக்கத்து ஜன்னல் பெரிசு. ஆனால் இலைகளில் பட்டு வரும் வெளிச்சம் என்பதால் முகத்தில் லேசாகப் பச்சை ஏறிவிடும். மாப்பிள்ளையை அங்கே உட்கார வைத்தால் காமாலை வந்தவர் மாதிரி இருப்பார். பொடக்காளி, அதாவது கொல்லைப் பக்கத்து ஜன்னல் சின்னது. அதற்கு எதிரே வெள்ளையடித்த மதில். காலைப் பலகாரம் முடிந்து நான் பாத்திரம் கழுவுகிற நேரத்தில் வெயில் அந்த மதிலில் அடித்துத் திரும்பி உள்ளே வரும். சூடு இல்லாத, சத்தமில்லாத வெளிச்சம். மறுபக்கம் நிழல் கனத்துப் போகாமல் இருக்க ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டுவிடுவேன். இவ்வளவுதான் என் ஸ்டுடியோ.

கல்யாணத்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்துப் பழகிய கை இது. ஃபிளாஷ் நல்ல சம்பந்தி மாதிரி, பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுவிடும். ஜன்னல் வெளிச்சம் நாத்தனார் மாதிரி, ஒன்றையும் விடாது. டை அடித்த முடியில் ஒரு நீலப் பளபளப்பு இருக்கும் பாருங்கள், அதைத் தேடிப் பிடித்துக் காட்டும்.

பெண்ணின் அப்பா டை அடிக்காமல் வந்த கல்யாணத்தை நான் பார்த்ததில்லை. ஓமப் புகையில் வேர்த்து, கிருதாவிலிருந்து கறுப்பு இறங்கி, சட்டைக் காலர் வரைக்கும் வந்ததையும் பார்த்திருக்கிறேன். ஒரு கல்யாணத்தில் பொண்ணோட அப்பாவும் மாமாவும் ஒரே பாக்கெட்டைப் பங்கு போட்டு அடித்துக்கொண்டு, அண்ணன் தம்பி மாதிரி வந்து நின்றார்கள். எங்கள் பக்கத்தில் போட்டோ என்றால் நரை தெரியக் கூடாது, அது மரியாதை. மூன்று பேராக நிற்கக் கூடாது, நாலாவதாக ஒரு குழந்தையையாவது இழுத்து நிறுத்த வேண்டும் என்பது மாதிரிதான் அதுவும்.

ஆக, வெள்ளை மீசைக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. போட்டோ என்றதும் கால் தானாகச் சலூனுக்குப் போய்விட்டது.

சலூன் சசியைப் பிடித்துக் கேட்டேன். "சேச்சி, ஞான் எந்து செய்யும்? நல்லா கறுப்பாயிட்டு வேணும்னு அண்ணன்தான் சொன்னது. ரெண்டு கோட்டு அடிச்சேன்" என்றான். இரண்டு கோட்டு! வீட்டுக்குப் பெயின்ட் அடித்த மாதிரி.

முளைக்கிற வரைக்கும்

கறுப்பு மீசையோடு சில படங்கள் எடுத்து அனுப்பிப் பார்த்தேன். ஷாலினி உடனே கூப்பிட்டது.

"அக்கா, இது வேற யாரோ மாதிரி இருக்குதுங்க்கா."

"எனக்கும் அப்படித்தாம்மா இருக்குது. நான்தான் கூடக் குடித்தனம் நடத்தறேன்."

மாசி கடைசிக்குள் அனுப்ப முடியுமா என்று கேட்டது. அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். மீசையை எடுத்துவிட்டுப் புதிதாக வளர்க்கலாம் என்றால், "எங்கப்பன் உசுரோட இருக்கறாரு. மீசைய எடுத்தா ஊருல என்னன்னு கேப்பான்?" என்று அவர் குதித்தார். அதுவும் நியாயம்தான். ஒட்ட வெட்டி, அடியிலிருந்து வெள்ளை முளைக்கும் வரை காத்திருப்பது என்று முடிவாயிற்று.

வெள்ளை எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்க்கத் தினமும் காலையில் அவரை முக்காலியில் உட்கார வைத்து ஒரு படம் எடுக்க ஆரம்பித்தேன். முதலில் அவர் உட்கார்ந்த உட்காரல் இருக்கிறதே, அடடா! கை இரண்டும் முழங்காலில். மூச்சை இழுத்துப் பிடித்திருப்பார். முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார்.

"மூச்சு விடுங்க."

"விட்டுட்டுத்தான் இருக்கறேன்."

"எங்க விடறீங்க? கன்னம் உப்பிக் கெடக்குது. சித்தெ சிரிங்களே."

"எதுக்குச் சிரிக்கோணும்? ஒண்ணும் நடக்கலியே."

"கல்யாணம் பண்ணி இத்தனை வருஷமா என்னோட குப்பை கொட்டறீங்களே, அதை நெனச்சுச் சிரிங்க."

"அதுக்கு அழுவத்தான் வரும், அம்மிணி."

நான் திட்டுவேன். அவர் பதில் சொல்வார். அந்தப் பதில் சொல்கிற நேரத்தில் முகம் இளகும். அப்போது அமுக்குவேன். மாடலை வைத்து வேலை செய்வது எப்படி என்று கேமரா பத்திரிகைகளில் என்னென்னவோ எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த வழி வாயைக் கிளறுவதுதான்.

ஒருநாள் இந்தூர் போகிற ரோட்டைப் பற்றிக் கேட்டேன். முக்காலியில் இருந்தபடியே ஓட்ட ஆரம்பித்துவிட்டார். கை ஸ்டியரிங்கைப் பிடிக்கிறது, கால் கிளட்சை மிதிக்கிறது. எதிரே வந்த ஒரு டேங்கர்க்காரனை இந்தியில் திட்டினார். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகி வாசம் வந்த கதையைச் சொல்லும்போது அவருடைய மூக்கே விடைத்தது. நான் படம் எடுக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் முகத்தை நான் பட்டப்பகலில் இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அவர் லாரியில் இருப்பார், நான் கல்யாண மண்டபத்தில் இருப்பேன். வீட்டில் இருந்தால் சோறு, குழம்பு, கரண்ட் பில். நெற்றியில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு இருக்கிறது. அது எப்படி வந்தது என்று நான் கேட்டதே கிடையாது. கேட்டேன். பள்ளிக்கூடத்தில் மாங்காய்க்கு விட்ட கல் அவர் மண்டையிலேயே விழுந்ததாம்.

இடது பக்கம்

கண் விஷயம் மட்டும் நான் வாயே திறக்கவில்லை.

முக்காலியில் உட்கார்ந்ததும் வலது பக்கத்தை ஜன்னலுக்குக் கொடுத்துவிட்டு, இடது பக்கத்தை என்னிடமிருந்து திருப்பிக்கொள்வார். நேராகப் பாருங்கள் என்றால் பாதிதான் திரும்புவார். என் வாய் எதை வேண்டுமானாலும் பேசும், அந்த இடத்தில் மட்டும் அடங்கிவிடும். கம்பெனிக்காரர்கள் இதுவரை பார்த்ததெல்லாம் பக்கவாட்டுப் படம்தான், அவர்களுக்குக் கண்ணைப் பற்றித் தெரியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

மீசையில் பாதி வெள்ளை வந்திருந்த சமயம். அன்றைக்கு மலைக்கணவாய் வழியாக வரும் காற்று பேயாக அடித்தது. கொடியில் போட்டிருந்த வேட்டி பறந்துவந்து என் தலையில் விழுந்து மூடிக்கொண்டது. நான் உள்ளே இருந்து கத்துகிறேன், கை கால் ஆட்டுகிறேன், வேட்டி விலகுவேனா என்கிறது. ஒருவழியாக வெளியே வந்து பார்த்தால் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். முகம் முழுசாக என் பக்கம் திரும்பியிருந்தது. வெளிச்சம் இரண்டு கண்ணிலும் விழுந்திருந்தது. பூ விழுந்த கண்ணும் சேர்ந்துதான் சிரித்தது.

எடுத்துவிட்டேன்.

அவருக்குக் காட்டினேன். சிரிப்பு நின்றது. வெகுநேரம் பார்த்தார்.

"கண்ணு நல்லாத் தெரியுது" என்றார்.

"தெரியுதுங்க. அழிச்சுப் போடட்டுங்களா?"

எழுந்து போய்க் கை கழுவினார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். சாயங்காலம் வந்து, "இருக்கட்டும்" என்றார். மறுநாளிலிருந்து நேராகத்தான் உட்கார்ந்தார்.

மாசி முடிவதற்குள் மீசை வெளுத்துவிட்டது. ஒட்ட வெட்டியிருந்ததால் பழைய கம்பீரம் இல்லை, ஆனால் முகத்தில் வேறு ஏதோ வந்திருந்தது. நல்ல படங்களாகப் பொறுக்கினேன். "அந்தச் சிரிப்புப் படத்தையும் சேத்து அனுப்பு" என்று அவரே சொன்னார். அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், இந்த மனுஷன் இனி ஜென்மத்துக்கும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். இருக்கட்டும் என்று சொன்னவரைத் தடுத்திருக்கவும் முடியாது. என்ன செய்வது?

கோயமுத்தூர்க்காரர்

பங்குனி வந்துவிட்டது. ஷாலினி கூப்பிட்டபோது நான் அடுப்படியில் இருந்தேன். கையெல்லாம் மாவு என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவர் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

"அக்கா, சாரிங்க்கா. படமெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு. நேரமாயிட்டதால மேல இருக்கறவங்க கோயமுத்தூர்ல ஒருத்தரை முடிவு பண்ணிட்டாங்க. போர்டு போட்டோவை அனுப்பறேன், பாருங்க."

சரிம்மா, பரவாயில்லைம்மா என்று ஏதோ சொல்லி வைத்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவர் தட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது.

"கண்ணுனாலயா?"

பொய் சொல்ல வாய் வந்தது. அந்த முகத்தை இத்தனை நாள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்த பிறகு பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியலீங்க. நேரமாயிப் போச்சுன்னுதான் அந்தப் புள்ள சொல்லுது. வேற ஒண்ணும் சொல்லலீங்க."

"ம்."

எழுந்து கையைக் கழுவினார். இதோ போய்ப் படுக்கப்போகிறார், சுவரைப் பார்க்கத் திரும்பப்போகிறார் என்று நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ஆளு போட்டோவக் காட்டு, பாக்கலாம்."

காட்டினேன். பெரிய கல்தூண் வைத்த பழைய வீடு. தூணில் சாய்ந்து ஒரு மனுஷர். நல்ல உயரம், நல்ல நிறம், முறுக்கிவிட்ட வெள்ளை மீசை. வேட்டி வெயிலில் மின்னியது. எங்கள் வீட்டுக்காரர் போனை வலது கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார். விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கி, முகத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஆளு நல்லாத்தான் இருக்கறான்."

"ஆமாங்க" என்றேன்.

"ஆனா எடுத்தவனுக்கு இவன் மேல பிரியமே இல்லியே, அம்மிணி. வேட்டியப் பாத்துத்தான் எடுத்திருக்கறான்."

எத்தனை கல்யாணம், எத்தனை ஆல்பம். என் வேலையைப் பற்றி இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷத்தைக் காட்டிக்கொண்டால் நான் நானா?

"ஆமா, எனக்கு மட்டும் உங்க மேல பொத்துக்கிட்டு ஊத்துச்சாக்கும்?"

"இல்லாமயா தெனமும் அத்தனை வசவு வெச்சே?" என்றார். சொல்லிவிட்டுப் போனை என் கையில் கொடுத்தார். "அந்தச் சிரிக்கற போட்டோவ என்ற போனுக்கு அனுப்பு. டிரைவருக குரூப்புல போடறேன். அவனுக என்னையப் பாத்து வருஷமாச்சு."

அனுப்பினேன். இரண்டு கண்ணும் தெரிகிற அந்தப் படத்தை அவரே போட்டார். நான் இன்னும் மாவுக் கையைக் கழுவக்கூட இல்லை, அதற்குள் போன் அடித்தது. அந்தப் பக்கம் லாரிச் சத்தத்துக்கு நடுவே யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள். "அண்ணோவ்! உசுரோடதான் இருக்கீங்களா? இங்க தோப்புல லோடு ஏத்திட்டு இருக்கறோம். டீ சொல்லட்டுங்களா?"

"சொல்லு, வாரேன்" என்றார்.

சட்டையை மாட்டினார். செருப்பைத் தேடிப் போட்டார். வாசல்படியில் நின்று திரும்பி, முகத்தை முழுசாக என் பக்கம் காட்டிச் சொன்னார்:

"நின்னுட்டே இருக்கறே? கேமராவ எடுத்துட்டு வா, அம்மிணி. அங்க இருக்கற பசங்களையும் நாலு திட்டுத் திட்டி எடு."